'சமாளிக்கலாம்' என்ற சொல்லுக்கு ஓர் ஆட்சேபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், அறையின் எதிரொலியை எப்படி அடக்குவது என்பதையெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் மென்பொருள் பற்றிய பத்தியின் கடைசியில், 'செலவழிக்க முடியாதவர்கள் இலவச மென்பொருள்களை வைத்துச் சமாளிக்கலாம்' என்று ஒரு வரி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒலிப்பதிவாளராக வேலை பார்த்தவன். தொழில் பழகியது ஸ்பூல் டேப்பில். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். பேசுபவர் இருமினால் ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவோம். இன்றைக்கு 'அன்டூ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எங்களுக்கு அன்டூ என்றால், முட்டி போட்டுத் தரையில் கிடக்கும் துண்டைத் தேடுவது.

ஓய்வு பெற்ற பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்பவர்களின் ஒலிக்கோப்புகளைச் சீர்செய்து தருகிறேன். பத்து ஆண்டுகளாக முழுக்க முழுக்க ஆடாசிட்டியில். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் 1999-இல் தொடங்கி, 2000-இல் பொதுவில் விட்ட, காசில்லாமல் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருள் அது. இந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு நாளும் நான் சமாளித்ததாக நினைவில்லை.

காசு கொடுக்காவிட்டால் தரம் ஒரு படி குறையும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒலியை எண்களாக மாற்றுவது கணினியில் உள்ள அல்லது அதோடு இணைத்த கருவி. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 முறை. மென்பொருள் அந்த எண்களை வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விலை கூடிய மென்பொருள் 44,101-ஆவதாக ஒன்றைக் கூட வாங்கி வைப்பதில்லை.

எனக்கு வரும் பதிவுகளில் பெரும்பாலானவை மின்விசிறி இரைச்சலோடுதான் வரும். வாசிப்பவர் வாயைத் திறப்பதற்கு முன் இரண்டு நொடி மௌனம் கிடைத்தால் போதும். நாம் மௌனம் என்று சொல்வதில்தான் அந்த அறையின் இரைச்சல் தனியாக மாட்டும். அதைத் தேர்ந்தெடுத்து 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்கு அடையாளம் காட்டிவிட்டு, மொத்தப் பதிவிலிருந்தும் அந்தச் சாயலைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இங்கேதான் புதியவர்கள் பேராசைப்படுவார்கள். 10, 12 டெசிபல் குறைத்தால் விசிறி பின்னால் போய்விடும். 30 என்று வைத்தால் விசிறியோடு சகரமும் தேய்ந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல ஆகிவிடும். அதனால் பதிவு அனுப்புபவர்களிடம், தொடங்கும் முன் ஐந்து நொடி சும்மா இருங்கள் என்று கெஞ்சுவேன். பாதிப் பேர் அந்த ஐந்து நொடியில் தொண்டையைச் செருமுவார்கள். இதற்கு எந்த விலையிலும் மென்பொருள் கிடையாது.

விலை கொடுத்ததால் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்த காலத்தில் விலை அதிகமான ஒரு மென்பொருளில் பல ஆண்டுகள் வேலை செய்தோம். ஒரு நாடகத் தொடரின் மூலப் பதிவுகள், குரல் தனியாக, பின்னணி ஒலி தனியாக, அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் கோப்புகளில் இருந்தன. பின்னாளில் அதைத் தயாரித்தவர்கள் கைவிட்டார்கள். புதுக் கணினியில் நிறுவிப் பார்த்தால், உரிமத்தைச் சரிபார்க்க ஒரு சர்வரைத் தேடுகிறது. அந்தச் சர்வரே இப்போது இல்லை. வன்தட்டில் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, திறக்கத்தான் வழியில்லை. அதில் நடித்த மூத்த கலைஞர் ஒருவர் காலமான பிறகு, அப்பாவின் குரல் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு அவர் மகள் வந்தார். பின்னணி இசையோடு கலந்த பிரதியைத்தான் கொடுத்தனுப்ப முடிந்தது. அதற்கும் பல ஆண்டுகள் முந்திய ஸ்பூல் டேப்புகளில் இருக்கும் அதே குரல் இன்றும் ஓடுகிறது.

ஆடாசிட்டியின் பழைய திட்டக்கோப்பை, அதாவது வெட்டி ஒட்டிய விவரங்களைச் சேமிக்கும் கோப்பை, நோட்பேடில் திறந்தாலே எந்தத் துண்டு எந்த நொடியில் நிற்கிறது என்று எழுத்தாகப் படிக்கலாம். 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பில், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் சேமிக்கப்படுகிறது. அந்த வடிவமும் ஊரறிந்ததுதான். நாளைக்கே ஆடாசிட்டி நின்றுபோனாலும், அதை உருவாக்க எழுதிய நிரல் வரிகள், அதாவது மூலநிரல், பொதுவில் கிடக்கும். விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் கோப்பைத் திறந்துவிடலாம்.

அதே 2021-இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் ஆடாசிட்டியின் பொறுப்பை ஏற்றது. பயனர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரங்களைச் சேகரிக்கலாம் என்று ஒரு யோசனை வெளியானதும் பெரிய கூச்சல் எழுந்து, யோசனை திரும்பப் பெறப்பட்டது. பிறகு தனியுரிமைக் கொள்கையின் வாசகம் பற்றி இன்னொரு சண்டை. நம்பிக்கை இழந்த சிலர் மூலநிரலை எடுத்துக்கொண்டு டெனாசிட்டி என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனார்கள். நான் போகவில்லை. அந்தக் கோபத்தில் கொஞ்சம் மிகை உண்டு என்றே எனக்குப் பட்டது. ஆனால் பிடிக்காவிட்டால் சட்டி பானையோடு கிளம்பலாம் என்ற உரிமை அதன் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. மூலநிரலைக் காட்டாமல் விற்கும் எந்த மென்பொருளிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

'இலவசம்' என்ற சொல்லும் முழுதாகப் பொருந்தாது. பல தடங்களில் பதிவு செய்ய உதவும் ஆர்டோர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அமேசானின் முதல் நிரலாளர்களில் ஒருவரான பால் டேவிஸ் தொடங்கியது அது. மூலநிரல் யாருக்கும் உண்டு. நிறுவத் தயாரான வடிவம் வேண்டுமென்றால் முடிந்த தொகையைக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்தேன். தமிழில் இதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்று நல்ல சொல்லே இருக்கும்போது 'இலவச' என்று ஏன் எழுத வேண்டும்?

இன்னொன்று, கட்டுரையாளரும் தினமும் இத்தகைய கட்டற்ற படைப்பை வைத்துத்தான் 'சமாளிக்கிறார்'. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தி ஓப்பஸ் என்ற, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த ஒலி வடிவத்தில் போகிறது. இணையத் தரநிலையாக 2012-இல் ஏற்கப்பட்ட அந்த வடிவத்தை உருவாக்கியவர்களில், திறந்த ஒலி வடிவங்களுக்காக உழைக்கும் ஸிஃப் அமைப்பினரும் உண்டு. எம்பி3-க்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கத் தொடங்கிய காலத்தில், மாற்றாக வோர்பிஸ் என்ற ஒலி வடிவத்தை உருவாக்கியதும் அவர்களே. அந்தக் காப்புரிமைத் தொல்லையால், எம்பி3 ஆக்கித் தரும் லேம் என்ற நிரலை ஆடாசிட்டியோடு சேர்த்துத் தர முடியாமல் இருந்தது. நாமே தனியாக இறக்கி, அது எந்த அடைவில் கிடக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. இந்தக் கூத்தை எத்தனை பேருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்திருப்பேன்! 2017-இல் காப்புரிமைகள் காலாவதியான பிறகுதான் விடிவு வந்தது.

கொட்டாங்குச்சியைத் தட்டிக் குதிரைக் குளம்படி எழுப்பிய ஆள் நான். இன்று பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் நடத்தும் ஃப்ரீசவுண்ட் என்ற ஒலித்துணுக்கு இணையதளத்தில் தேடினால் குளம்படி வகைவகையாகக் கிடைக்கிறது, யார் யாரோ பதிந்து போட்டவை. ஒவ்வொன்றின் உரிம நிபந்தனையையும் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவே. கொட்டாங்குச்சியைவிட நன்றாக இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆடாசிட்டியில் எதிரொலி மாதிரி எதையாவது சேர்த்தால் அது ஒலியிலேயே பதிந்துவிடும், மறுநாள் வந்து மாற்ற முடியாது என்ற நிலை 2022-இல் வந்த 3.2 பதிப்பு வரை இருந்தது. ஆர்டோர் முதல் நாள் பயமுறுத்தும். சில மென்பொருள்களின் கையேடு, எழுதியவருக்காவது புரிந்திருக்குமா என்று சந்தேகப்பட வைக்கும். கட்டுரை இதையெல்லாம் சுட்டிக்காட்டித் திட்டியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

கட்டுரை மறுபதிப்பாகவோ நூலாகவோ வந்தால் அந்த வரியைத் திருத்த வேண்டுகிறேன். 'சமாளிக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்லி நேரம் பார்த்தேன். ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. டேப்பில் ஏழு அங்குலம் இருக்கும். வெட்டி எடுத்தால் ஒட்டுத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர்