ஓடாத படகுக்கு என்னப்பா செலவு?

பாம்பன்
மே 11

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லாரும் நலம். நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "தடைக்காலத்தில் படகு ஓடவே இல்லை, ஓடாத படகுக்கு என்னப்பா இவ்வளவு செலவு?" என்றாய். நீ கேட்டது நியாயம்தான். மாசாமாசம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்புகிறவள் நீ. படகில் பாதி உன் காசு. அது எங்கே போகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும், தாயி.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடை தொடங்கிய வாரமே படகைக் கரையேற்றிவிட்டோம். ஜூன் 14 வரை 61 நாள். படகின் அடிப்பக்கத்தை வருஷத்தில் நாம் முழுசாகப் பார்ப்பது இந்த நாள்களில்தான். இந்தத் தடவை ஏற்றிப் பார்த்தால் அடி முழுக்கக் கொட்டலசு, அதுதான் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடல் பூச்சி, விரல் கனத்துக்கு. உன் தம்பியும் நானும் இரண்டு நாள் சுரண்டினோம். அது ஒட்டியிருந்தால் படகு இழுக்காது, டீசல் கூடக் குடிக்கும் என்பது உனக்கே தெரியும். எனக்குப் பெரிய கவலை வேறு. கொட்டலசு பிடித்த இடத்தில் பெயின்ட் கிளம்பிவிடும். பெயின்ட் போன இடத்தில் மரம் வெறுமனே கடலைப் பார்த்து நிற்கும். மரத்தைத் துளைக்கும் புழு அங்கேதான் நுழையும். நுழையும்போது குண்டூசித் தலை அளவு ஓட்டைதான். உள்ளே போய் மரத்தைத் தின்று தின்று வளரும். வெளியே பலகை நல்லாத்தான் தெரியும்.

அதனால்தான் சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் கேட்பது. நல்ல மரம் கணீர் என்று பேசும், அரித்த மரம் பொத்தென்று சொல்லும். படகின் பின்பக்கம், கடையார் பக்கம், இரண்டு பலகை பொத்தென்றது. எடுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி இருந்தது. அந்த இரண்டையும் மாற்றி, இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, முழுப் படகுக்கும் கலப்பத்து பார்த்தாயிற்று. பழைய இரும்பு ஆணிகளையும் பிடுங்கிவிட்டோம். துரு பிடித்த ஆணி உள்ளுக்குள்ளேயே பருத்து மரத்தைப் பிளக்கும். நீ அனுப்பியதில் பெரும் பங்கு இந்த மர வேலைக்கும் ஆசாரி கூலிக்கும் போனது. அரசு தரும் தடைக்கால உதவி 8,000 ரூபாய் அரிசிக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விட்டது.

அடுத்து அந்த "ஜிங்க் கட்டி." துண்டுச் சீட்டில் அதைப் பார்த்து இது என்ன என்று கேட்டாயே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் புரொப்பல்லர் வெண்கலம், ஷாஃப்ட் எவர்சில்வர் மாதிரி எஃகு, சுக்கான் தகடு சாதா இரும்பு. கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்த உப்புத் தண்ணீரில் வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். நடுவில் கரன்ட் ஓடி, இருப்பதில் இளைத்த உலோகம் கரையும். நம் படகில் இளைத்தது சுக்கான் இரும்பு. அதைவிட இளைத்த துத்தநாகத்தை, அதுதான் ஜிங்க், பக்கத்தில் பொருத்திவிட்டால், கடல் முதலில் அதைத் தின்னும், இரும்பை விட்டுவிடும். பாதிக்கு மேல் கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும். இரும்போடு பொருந்தும் இடம் துருவோ பெயின்டோ இல்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். பயந்துகொண்டு நாலைந்து கட்டி கூட வைத்தாலும் தப்பு. மரப் படகில் அளவுக்கு மிஞ்சினால் அந்த இடத்தைச் சுற்றி மரம் சோப்பு மாதிரி மெத்தென்று ஆகிவிடும்.

நீ பத்தாவது படித்த வருஷம் படகைக் கட்டி இழுத்து வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சுக்கான் ஒடிந்துவிட்டது என்று மட்டும்தான் அன்று உங்களிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அந்தத் தடைக்காலத்தில் அடிப்பக்கம் ஒரே நிறமாக அழகாக இருக்கட்டும் என்று ஜிங்க் கட்டி மேலேயும் நானே பெயின்ட் அடித்துவிட்டேன். பெயின்ட் மூடியதால் அது கரையவே இல்லை. அதற்குப் பதில் சுக்கான் கரைந்தது. நடுக்கடலில் ஒடிந்தபோது ஐந்து பேர் படகில் இருந்தோம். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போனோம். விடியும்போது நம் ஊர்ப் படகு ஒன்று கண்ணில் பட்டது. அன்று கரையில் நின்ற உன் அம்மாவின் முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு துரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், இந்த வித்தை புதிது இல்லையாம். 1824-லேயே ஹம்ப்ரி டேவி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, போர்க் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்பும் துத்தநாகமும் வைத்துப் பார்த்தாராம். செம்பு அரிக்கவில்லை. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் கொட்டலசு ஒட்டாது. கரைவது நின்றதும் அடியெல்லாம் சிப்பியும் பாசியும் அப்பிக் கப்பல்கள் வேகம் இழந்தன. நாம் அடிக்கு அடிக்கும் பெயின்டிலும் செம்புச் சத்து இருக்கிறது, அதுவும் கரைந்து கரைந்துதான் வேலை செய்கிறது. அந்தப் பெயின்ட்தான் விலை கூடியது. மலிவானதை அடித்துவிட்டு ஆறு மாதத்தில் கொட்டலசோடு ஓடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. இன்னும் அடிக்கவில்லை. கடலில் இறக்குவதற்கு இரண்டு நாள் முன்னால் அடிப்பேன், வெயிலில் ரொம்ப நாள் காய்ந்தால் அதன் வீரியம் குறையும்.

சித்தப்பாவின் ஃபைபர் வள்ளத்துக்குப் புழுத் தொல்லை இல்லை. ஆனால் கீறல் விழுந்த இடத்தை அவர் அப்படியே விடுகிறார். உள்ளே தண்ணீர் இறங்கினால் ஃபைபரும் ஊறும். நன்றாகக் காயவிட்டுத் தேய்த்து, ஃபைபர் மேட் வைத்து ரெசின் பசை போடச் சொன்னேன். நீயும் ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் கேட்பார்.

அவருடைய அவுட்போர்டு எஞ்சினை நான்தான் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுகிறேன். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றுகிறாரே என்று அம்மாவுக்கு வருத்தம். உப்பு உள்ளே காய்ந்து உட்கார்ந்தால் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் அடைத்து எஞ்சின் சூடேறிவிடும் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். இப்போது பாத்திரம் அலசிய தண்ணீரை எடுத்து வைக்கிறாள். சோப்பு இல்லாததை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. எந்தக் காற்று அடித்தாலும் உப்புக் காற்றுதான். 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அவ்வளவு இரும்பையும் இந்தக் காற்று விடவில்லை. நம் வீட்டு ஜன்னல் கம்பியையே நீ பார்த்திருக்கிறாய்.

ஜூன் 10-க்கு மேல் படகை இறக்குவோம். லீவு கிடைத்தால் ஒரு நாள் முன்னால் வா. எனக்குப் பிறகு கணக்குப் பார்க்கப் போவது நீ, படகின் அடியை நீயும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கழற்றிய பழைய ஜிங்க் கட்டியைத் திண்ணையில் வைத்திருக்கிறேன், கறையான் தின்ற கட்டை மாதிரி இருக்கிறது. புதுசும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நீ வந்ததும் மாட்டலாம்.

அன்புடன்
அப்பா