சாமியைக் கேட்கும் முன் சிஸ்டரைக் கேள்

சட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜோஹன்னஸ்பர்க் ஆஸ்பத்திரியில் சாப்ளின் வேலை, நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லி ஜெபிக்கும் வேலை, உறுதியானது பற்றி எழுதியிருந்தாய். எந்த நோயாளிக்கு எந்த ஜெபம் பொருந்தும் என்றும் கேட்டிருந்தாய். அதை உன் வேதாகமக் கல்லூரிக்காரர்கள் சொல்லித் தரட்டும். நான் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறவள், எனக்கு உன் ஜெபம் தெரியாது. வார்டைப் பார்த்துக்கொள்ளும் தலைமை நர்ஸை சிஸ்டர் என்போம். அந்த வார்டு சிஸ்டர் உடுப்புக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வார்டுக்குள் நுழைந்ததும் நேரே படுக்கைக்குப் போகாதே. முதலில் சிஸ்டர் மேசைக்குப் போ. ஐந்து விஷயம் கேள்: தொற்று உண்டா, வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா, தண்ணீருக்கு அளவு உண்டா, நினைவு தெளிவாக இருக்கிறதா, வியாதி இன்னதென்று நோயாளிக்குச் சொல்லியாகிவிட்டதா. கடைசிக் கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகன் கேட்டுக்கொண்டதால் கேன்சர் என்று சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு ஆயாவிடம், அதாவது பாட்டியிடம் போய், "இந்தக் கஷ்டத்தில் ஆண்டவர் உங்களைத் தாங்குவார்" என்று ஆரம்பித்தால், அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் புரிந்துகொள்வார். காலை 7 மணியும் இரவு 7 மணியும் நர்ஸ்மார் ஷிஃப்ட் மாறும் நேரம். அப்போது போய் நிற்காதே. டாக்டர் ரவுண்ட் முடிந்த பிறகு போ.

கை. தேய்க்கும் மருந்தென்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. வயிற்றுப்போக்கு நோயாளியிடம் இருந்து வந்தால் சோப்புதான். அந்தக் கிருமிகளில் சிலவற்றின் வித்து ஆல்கஹாலுக்குச் சாகாது. டிபி அறைக்கு என்95 முகக்கவசம் போடு. துணி மாஸ்க்கும் நீல மாஸ்க்கும் மற்றவர்களை உன்னிடமிருந்து காக்கும், டிபியிலிருந்து உன்னைக் காக்காது. சென்ட் பூசாதே. கீமோ ஏறுகிறவர்களுக்கு அந்த வாசனையிலேயே குமட்டும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, முகம் முகத்துக்கு நேராக உட்கார். படுக்கையில் உட்காராதே. கிருமிக் கணக்கு ஒன்று, அதோடு வெட்டுத் தையல் போட்டவருக்கு மெத்தை அசைவதே வலி. "என் பெயர் இது, நான் சாப்ளின், இப்போது பேசலாமா, பிறகு வரட்டுமா?" என்று கேள். "பிறகு" என்றால் எழுந்து போய்விடு. நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்று சொல்லக் கிடைக்கும் ஆள் நீ ஒருத்திதான். ஊசியையும் சாப்பாட்டுத் தட்டையும் அவரால் மறுக்க முடிவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ஐசியுவில் ஐந்து. வயதானவர்களை ஆயா, தாத்தா, ஐயா என்று கூப்பிடு. சூலு இனத்துப் பெரியவர்களை பாபா, மாமா என்று கூப்பிடு. அவர்களுக்கு மாமா என்றால் அம்மா. முதல் வாரம் உனக்கே சிரிப்பு வரும், அடக்கிக்கொள்.

என்ன பேசுவது? நான்கு கேள்வி போதும். இந்த நேரத்தில் உங்களைத் தாங்குவது எது? அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? உங்களோடு கும்பிட, பேச யார் இருக்கிறார்கள்? இங்கே நாங்கள் என்ன செய்து தரலாம்? சிலர் சாமி என்பார்கள், சிலர் பேரப்பிள்ளை என்பார்கள், சிலர் கால்பந்து என்பார்கள். கால்பந்து என்றால் கால்பந்துதான். அதைத் திருத்தப் போகாதே. "போன ஜென்மத்துக் கர்மம்", "விசுவாசம் இருந்தால் சுகமாகும்" இரண்டும் ஒரே குத்துதான். ஒன்று நம் பக்கத்துக் கத்தி, மற்றது உங்கள் பக்கத்துக் கத்தி. சுகமாகாதவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

லண்டனில் 1967-இல், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் "முழு வலி" என்றொரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் ஒன்றாக நோகும் என்பது அதன் பொருள். அதைப் படித்த சிலர் எல்லா வலியையும் ஆன்ம வலியாக்கிவிடுகிறார்கள். ஒருவர் பல்லைக் கடித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தால் அவருக்கு வலி மருந்தான மார்ஃபின் தேவைப்படலாம். முதலில் சிஸ்டரைக் கூப்பிடு, பிறகு ஜெபம். அதே மாதிரி "செத்துப்போனால் தேவலை" என்ற வார்த்தை. அது சலிப்பா, திட்டமா என்று நேரடியாகக் கேள்: "உங்களை நீங்களே முடித்துக்கொள்ள நினைக்கிறீர்களா?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் ரகசியம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. "இதை சிஸ்டரிடம் சொல்லப்போகிறேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டுச் சொல். வேறெதையும் வெளியே கொண்டுபோகாதே. கோயில் படியிலும் சர்ச் வாசலிலும் உன்னைப் பார்க்கிறவர்கள் "அந்த ஆன்டி எப்படி இருக்கிறார்?" என்று விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் அவர் இருக்கிறார் என்பதே சொல்லக்கூடாத செய்தி.

இனி நம்மவர்களின் சாமான்கள்.

திருநீறு: ஆக்ஸிஜன் போகும் இடத்தில் கற்பூரம், விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. துணியும் தலையணையும் ஆக்ஸிஜனை உறிஞ்சி வைத்திருக்கும், ஒரு பொறி போதும். தொண்டையில் குழாய் வைத்தவர் பக்கம் திருநீற்றைத் தூவாதே, தூள் குழாய்க்குள் போகும். விரலை ஈரமாக்கித் தொட்டு நெற்றியில் ஒரு கோடு இழுத்தால் போதும்.

தீர்த்தம்: சிறுநீரகக்காரருக்கு அளவுத் தண்ணீர்தான். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்க முடியாமல் இருக்கலாம், ஒரு கரண்டி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்ற வேண்டும் என்று குடும்பம் நிற்கும். ஊற்றினால் அவர் திணறுவார், அந்தக் காட்சி ஊற்றியவரை விட்டுப் போகாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கச் சொல். மூத்தவர் கையால் முதலில், மற்றவர்கள் வரிசையாக. உன் திருவிருந்து அப்பத்துக்கும் இதே கணக்குதான், விழுங்க முடியாதவருக்கு நாக்கில் ஒரு துணுக்கு கூடக் கேட்காமல் வைக்காதே.

தாலி: மின்சாரத்தால் வெட்டும் கருவி ஓடும் ஆபரேஷனில் உலோகம் சூடேறித் தோல் வெந்துபோகலாம். எம்ஆர்ஐ அறையில் இரும்பு கலந்த உலோகத்தைக் காந்தம் இழுக்கும், மற்ற உலோகமும் சூடேறலாம். கழற்று என்றால் ஆயாமார் அழுவார்கள். சில ஆபரேஷனுக்கு ஒட்டுப்போட்டு மூடினால் போதும், சிஸ்டரைக் கேள். முடியாதென்றால் வெறும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிப் போட்டுக்கொள்ளலாம், உலோகமே இல்லை. அதையும் ஆபரேஷன் தியேட்டர்க்காரர்களிடம் கேட்டுவிட்டே கட்டு. கழற்றிய தாலியைக் கணவர் கையில் கொடு, லாக்கரில் போடாதே.

காப்பு: காவடிக்கும் தீமிதிக்கும் கட்டிய காப்பை ட்ரிப் போட வருகிறவர் கத்தரியால் வெட்டினால் விரதமே கெட்டது என்று நினைப்பார்கள். மற்றக் கைக்கு நகர்த்தலாமா என்று முதலில் கேள். காலுக்கு வேண்டாம், அவமதிப்பாகும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் உறைக்குள் போட்டு, பெயர் எழுதிக் குடும்பத்திடம் கொடு.

புரட்டாசியில் சமையலறைக்கு முன்னதாகவே எழுதிக் கொடு. கோழி சூப்பில் கோழியை எடுத்துவிட்டுத் தந்தால் அது மரக்கறி ஆகாது. சனிக்கிழமை பட்டினி என்று சுகர்க்காரர் இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பார், சுகர் இறங்கி மயக்கம் வரும். விரதத்தை விடச் சொல்லாதே. டாக்டர் வந்து அளவை மாற்றும்வரை காத்திருக்கச் சொல்.

சூலுக் குடும்பம் உம்லஹ்லங்கோசி மரக்கிளையோடு வந்தால் இறந்தவரின் ஆவியை அந்தப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறார்கள் என்று பொருள். கிளையைச் சுமக்கிறவர் வேறு யாரோடும் பேசமாட்டார், அவரை வரவேற்று உபசரிக்காதே. படுக்கை காலியா, அதில் வேறொருவர் இருந்தால் திரை போட்டு ஐந்து நிமிடம் இடம் தர முடியுமா என்று சிஸ்டரோடு ஏற்பாடு செய். முஸ்லிம் நோயாளி தொழும் திசையான கிப்லாவைக் கேட்டால் உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய வடக்கு, சற்றே கிழக்கே சாய்ந்து. பலர் கிழக்கைக் காட்டித் தொலைக்கிறார்கள்.

பெரிய தகராறு ஒன்று உண்டு, உன்னை நினைத்து எழுதுகிறேன். தாய் சைவம், மகன் பெந்தெகொஸ்தே. தாய் நினைவில்லாமல் கிடக்கும்போது, மகன் தலையில் கைவைத்து ஜெபிக்க உன்னைக் கூப்பிடுவான். மகள் திருநீற்றோடு நிற்பாள். நீ உன் சர்ச்சுப் பக்கம் சாய்ந்தால் அன்றோடு உன் வேலை முடிந்தது. கேட்கவேண்டியது ஒன்றே: நினைவிருந்தபோது அந்த அம்மா எதைச் செய்தார்? நோயாளி கேட்டதுதான் நடக்கவேண்டும். மகனுக்கு வெளியறையில் தனியாக ஜெபி. மருத்துவ முடிவு வேறு கணக்கு. நம் நாட்டின் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி, நோயாளி எழுதி வைத்த ஆள் யாரும் இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி முதலில், பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வளர்ந்த பிள்ளைகள், கூடப்பிறந்தவர் என்று வரிசை. அப்பா படுத்தால் நம் வீட்டில் மூத்த மகன் முடிவெடுப்பான், சட்டம் அவன் அம்மாவைக் கேட்கும். இதை முன்னாடியே மெதுவாகச் சொல்லிவை.

இறந்த பிறகு அவசரப்படுவார்கள். விபத்து, அடி, விஷம், ஆபரேஷன் மேசைச் சாவு என்றால் பிரேதப் பரிசோதனை, குடும்பம் மறுக்க முடியாது. இறுதிச் சடங்குக்கு மண்டபம் பிடிப்பதற்கு முன்னே இதைச் சொல். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் எரிப்பதற்கு முன் எடுக்கவேண்டும், சூட்டில் வெடிக்கும். அடக்கக்காரரிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேள். 26 வாரம் நிறையாமல் போன கருவுக்கு இறப்புப் பதிவு கிடையாது. அந்தத் தாயிடம் "என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று வார்டிலேயே, யாரும் அகற்றுவதற்கு முன் கேட்க வேண்டும். அடுத்த நாள் கேட்டால் பதில் சொல்ல எதுவும் இருக்காது.

நோயாளியின் கோப்பில் மூன்று வரி எழுது: எப்போது பார்த்தாய், என்ன கேட்டார், என்ன செய்தாய். பாவமன்னிப்புக் கதையெல்லாம் எழுதாதே. "அரபிக் குர்ஆன் கேட்டார், இமாமுக்குச் சொல்லியாயிற்று" என்ற அளவு போதும், ராத்திரி சிஸ்டருக்கு அதுதான் உதவும்.

சத்தம் போடாத ரப்பர் அடிச் சப்பாத்து வாங்கிக்கொள். கடைசிச் சனிக்கிழமை பஸ் பிடித்தால் முன்னாடியே எழுது, கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன்.

அம்மா