தேரியில கிடைக்கிற கல்லை தயவுசெஞ்சு கழுவாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம தேரிக்காட்டுல, அதான் தூத்துக்குடி பக்கத்து செம்மணல் மேடுகள்ல, கிடைக்கிற பழங்கால கல்லாயுதங்களைப் பத்தி போன வாரம் நம்ம பத்திரிகையில வந்த கட்டுரை ரொம்ப நல்லா இருந்துச்சு, சாயர்புரம் மெஞ்ஞானபுரம் பக்கத்து ஆளுக எல்லாரும் படிக்கணும், 1956-லயே சாய்னர், ஆல்ச்சின்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளருங்க விரிவா எழுதின இடம்லா இது. ஆனா கூட போட்டிருந்த போட்டோவைப் பாத்துட்டு மனசு கேக்கல. பிள்ளைங்க அந்தக் கல்லை எல்லாம் பைப்படியில வச்சு பிரஷ் போட்டு தேய்க்காங்க. அவங்க மேல தப்பில்ல, பெரியவங்க நாமதான் சொல்லிக்குடுக்கணும்.

அந்தக் கல்லோட விளிம்புல, கண்ணுக்குத் தெரியாத இடுக்குல, அந்தக் காலத்து மனுஷங்க அதை வச்சு எதை அறுத்தாங்களோ அதோட மிச்சம் ஒட்டியிருக்கலாம், மாவுச்சத்து, நார், பிசின், இறகுன்னு. மாவுச்சத்தை எப்படி கண்டுபிடிக்காங்கன்னா மைக்ராஸ்கோப்புல ஒரே திசையில அசையுற ஒளியை மட்டும் விடுற போலரைஸர் ஃபில்டர் ரெண்டை குறுக்க வச்சுப் பாப்பாங்க, சுத்தி எல்லாம் இருட்டாயிரும், மாவுச்சத்து மணி மட்டும் வெள்ளையா மின்னும், அதுக்குள்ள கருப்பா ஒரு பெருக்கல் குறி தெரியும். வேக வச்ச கிழங்குன்னா அந்தக் குறி போயிரும். மணியோட அளவு, வடிவம், குறி கூடுற இடம் இதை வச்சுத்தான் இன்ன கிழங்கு இன்ன தானியம்னு ஒப்பிடுதாங்க. 1992-ல டாம் லாய்ங்கிற தொல்லியல் ஆய்வாளரோட குழு, பசிபிக் கடல்ல இருக்கிற வடக்கு சாலமன் தீவுல சுமார் 28,000 வருஷத்துக்கு முந்தின கல்லுல சேப்பங்கிழங்கு மாவுச்சத்தைப் பாத்தாங்க, சேம்பை நறுக்குனா கை அரிக்கும்லா, அந்த ஊசி ஊசியான படிகம் கூட அதுல இருந்துச்சு!

கழுவாம விட்டா மட்டும் போதாது. மாவு பிசைஞ்ச கையால தொட்டாலே கெட்டுச்சு, லேப்ல போடுற பவுடர் கிளவுஸ்லயே மக்காச்சோள மாவு உண்டு. அதனாலதான் கல்லு கிடந்த இடத்து மண்ணையும் எடுத்து சோதிக்காங்க, மண்ணுலயும் அதே அளவு இருந்தா அறுத்ததுல வந்ததுன்னு சொல்ல முடியாது, விளிம்புல மட்டும் குவிஞ்சிருந்தா நம்பலாம். ரத்தம்னா இன்னும் கவனம் வேணும், 1983-ல இதே லாய் கல்லுல இருந்த ரத்தத்தை வச்சு என்ன மிருகம்னே சொன்னார், பின்னால அந்த முறையை பலபேர் ஏத்துக்கல.

மேல வெயில்லயும் காத்துலயும் கிடக்கிற கல்லுல இதெல்லாம் மிஞ்சுறது கஷ்டம்தான். ஆனா ஆய்வாளருங்க தோண்டும்போது புதைஞ்சு வர்ற கல்லுல கொஞ்சமாவது கழுவாம, பக்கத்து மண்ணோட, தனித்தனி புது கவர்ல எடுத்து வைக்கணும். நம்ம காலேஜ்கள்ல பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, காட்டு வள்ளி, தினை, சாமைன்னு நம்ம மண்ணுல விளையுறதுக்கு ஸ்லைடு போட்டு ஒரு தொகுப்பு வைக்கலாமே, நாளைக்கு ஒப்பிட எதாவது வேணும்லா.

அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை வந்தா, கல்லை எடுக்காதீங்க, கழுவாதீங்க, பாளையங்கோட்டை மியூசியத்துல சொல்லுங்கன்னு ஓரமா ஒரு கட்டம் போட்டு போடுங்க சார்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர்