வந்த ரீடிங்கை எழுத விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு நாலு பக்க ரிப்போர்ட் கூடத் தெளிவாக எழுத வரவில்லை, ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று போன இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் கட்டுமான சைட்டில் கான்கிரீட் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், பயிற்சிக்கு வருகிற மாணவர்களின் ரிப்போர்ட்டுகளை வருஷா வருஷம் திருத்துகிறேன். ஆங்கிலமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே, இரண்டாம் வருஷ லேப் ரெக்கார்டிலேயே, பிள்ளைகளின் எழுத்து கெட்டுப்போகிறது. என் எழுத்தும் அங்கேதான் கெட்டது.

கான்கிரீட் லேபில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பேட்ச். 150 மி.மீ. கான்கிரீட் கியூப் மூன்று வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டு எடுத்து, எவ்வளவு லோடு தாங்குகிறது என்று மெஷினில் வைத்து உடைத்தோம். முதல் கியூப் 610 கிலோநியூட்டனில் உடைந்தது, அடுத்தது 590. மூன்றாவது 450-லேயே போய்விட்டது. பரப்பளவு 22,500 சதுர மி.மீ.யால் வகுத்தால், வலிமை சதுர மி.மீ.க்கு 27.1, 26.2, 20.0 நியூட்டன். சராசரி 24.4. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது என்றால், தனித்தனி கியூப் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, விலகினால் அந்த மாதிரியின் முடிவே செல்லாது. எங்கள் மூன்றாவது கியூப் 18 சதவீதம் விலகி நின்றது. பார்த்த உதவியாளர், "இப்படி எழுதிக்கிட்டுப் போனா சார் கையெழுத்துப் போட மாட்டார், சீனியர் ரெக்கார்டைப் பாரு" என்றார். 450 என்பது 585 ஆனது. அவ்வளவுதான், கையெழுத்து வாங்கிவிட்டோம்.

அந்தக் கியூப் ஏன் அப்படி உடைந்தது என்பது வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வார்க்கும்போது கரண்டியால் தேய்த்து விடுகிற மேல்பக்கம் எப்போதும் கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் இருக்கும், அதனால் சோதிக்கும்போது கியூபைப் பக்கவாட்டில் திருப்பி, அச்சை ஒட்டியிருந்த வழவழப்பான பக்கங்களில் லோடு கொடுக்க வேண்டும். நாங்கள் மூன்றாவதை அவசரத்தில் வார்த்த மாதிரியே நிமிர்த்தி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு மூலை மட்டும் முதலில் தெறித்ததும் நினைவிருக்கிறது. இந்த இரண்டு வரியை ரெக்கார்டில் எழுதியிருந்தால் அன்றைக்கே யாராவது காரணத்தைச் சொல்லியிருப்பார்கள். பார்த்ததை எழுதக் கிடைத்த முதல் வாய்ப்பை 585 என்ற ஒரு எண்ணுக்கு விட்டுக்கொடுத்தோம்.

இப்படி மூன்று வருஷம் பழகியவன் கடைசி வருஷம் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவான்? "பெறப்பட்ட முடிவுகள் திருப்திகரமாக இருப்பது கண்டறியப்பட்டது" என்றுதான் எழுதுவான். யார் செய்தார்கள், எத்தனை மாதிரி, எந்தத் தேதி, எது உடைந்தது, எதுவும் அதில் இருக்காது. எண்பது பக்கம், தங்க எழுத்தில் கெட்டி அட்டை பைண்டிங், அதில் ஐம்பது பக்கம் எங்கிருந்தோ எடுத்த முன்னுரை. நானும் அப்படி ஒன்று கொடுத்துத்தான் பாஸ் ஆனேன், அதை இன்றைக்கு எடுத்துப் படிக்க முடியவில்லை.

நான் பயிற்சி மாணவர்களுக்கு எப்போதும் சொல்லும் உதாரணம் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 28-ஆம் தேதி கிளம்பி 73 விநாடியில் சிதறியது, அதில் இருந்த 7 பேரும் இறந்துபோனார்கள். ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனதுதான் விஷயம். அதற்கு முந்தைய இரவே எஞ்சினியர்கள் வேண்டாம் என்றார்கள், பக்கம் பக்கமாகத் தரவுகளையும் அனுப்பினார்கள். ஆனால் அந்தப் பேச்சில் வளையம் சேதமான பயணங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் குளிரிலும் சேதம் இருந்தது, 75 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் சேதம் இருந்தது, அதனால் குளிருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றே தெளிவாகவில்லை. சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தது பிறகு அமைந்த விசாரணைக் குழு. 66 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணங்கள், சேதம் மூன்றில் மட்டும். 63-உம் அதற்குக் கீழும் 4 பயணங்கள், நான்கிலும் சேதம். அன்று காலை காற்றின் வெப்பநிலையோ 36 டிகிரி. இரண்டே வரிசை உள்ள ஒரு அட்டவணை, அது அந்த இரவில் யார் கண் முன்னாலும் இல்லை! ஒரு ரீடிங்கைக் கூட விடாதே என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான்.

அலகும் அப்படித்தான். 1999-இல் செவ்வாய்க்குப் போன ஒரு விண்கலம் தொலைந்தது, ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன் கணக்கு என்று இருந்ததால். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதத் தனியாக ஆங்கிலப் புலமை வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு நான் சொல்லும் வழி, முதலில் ரூம்மேட்டிடம் தமிழில் வாய்விட்டுச் சொல். "என்னடா பண்ணீங்க, என்ன வந்துச்சு?" என்று அவன் கேட்டால் முதல் வரியில் என்ன சொல்வாயோ அதுதான் ரிப்போர்ட்டின் முதல் வரி. எதிர்பார்த்த வலிமை சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன், வந்தது 24.4 நியூட்டன், ஆனால் ஒரு கியூப் தவறாக வைத்ததால் இந்தச் சோதனை செல்லாது. இதைச் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் போட யாருக்கும் முடியும். என்ன நடந்தது என்று தெரியாதவனுக்குத்தான் நீளமான வாக்கியம் தேவைப்படுகிறது.

போன வருஷம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியின் ரிப்போர்ட்டில், கான்கிரீட் கொண்டுவந்த லாரிகளைப் பற்றி இப்படி ஒரு வரி இருந்தது (சிலம்ப் என்பது ஈரக் கான்கிரீட் எவ்வளவு இளகி இருக்கிறது என்பதன் அளவு): "மூன்றாவது லாரி தாமதமாக வந்தது, சிலம்ப் 60 மி.மீ. இருந்தது, டிரைவர் தண்ணீர் சேர்த்தார், எவ்வளவு என்று நான் அளக்கவில்லை." ஆங்கிலத்தில் இரண்டு இலக்கணப் பிழை இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். ஏழாம் நாள் சோதனையில் அந்த லாரியின் கியூப் மட்டும் குறைவாக வந்தபோது, எந்தத் தூண்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று அந்த வரியை வைத்துத்தான் அரை மணி நேரத்தில் முடிவு செய்தோம். அளக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதினாளே, அதற்காகவே அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

லேப் எடுக்கிற ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும் செமஸ்டரிலிருந்து ஒவ்வொரு சோதனையின் கடைசியிலும் "எதிர்பார்த்தபடி வராதது என்ன, ஏன் என்று நினைக்கிறாய்" என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள், அதற்குத் தனியாக மதிப்பெண் கொடுங்கள். 450 என்று எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைக்கும் கையெழுத்துப் போடுங்கள், சார்.

இப்படிக்கு,
ஒரு சிவில் எஞ்சினியர், திருச்சி