முழு சர்வரையும் கம்பைல் செய்யத் தேவையில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் கூடுதல் மாட்யூல் சேர்ப்பது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்' (மூலநிரலைத் தயார்செய்து, கம்பைல் செய்து, நிறுவும் கட்டளைகள்) என்று மூன்றே வரியில் முடிந்துவிட்டது. டெபியன் வகை லினக்ஸின் பேக்கேஜ் கருவியான ஏபிடி மூலம் நிறுவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதை அப்படியே செய்வது ஆபத்து.

கன்ஃபிகருக்கு எந்த ஆப்ஷனும் தராவிட்டால் புதிய சர்வர் யுஎஸ்ஆர்-லோக்கல் கோப்புறைக்குப் போய்விடும். சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி பழையதையே இயக்கும். மாட்யூல் எங்கே என்று தேட வேண்டியதுதான். பழைய இடத்திலேயே நிறுவினாலோ, எஸ்எஸ்எல் மாட்யூல் இயல்பாகச் சேராது என்பதால் எச்டிடிபிஎஸ் தளம் எழும்பவே எழும்பாது. அதையும் சேர்த்துச் சரிசெய்தாலும், அடுத்த ஏபிடி அப்கிரேட் நாம் கட்டிய பைனரியை (இயங்கும் நிரல் கோப்பை) அழித்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் மூலநிரலையும் உள்ளே வைத்துக் கட்டியவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு: இயங்குதளம் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த பைனரிக்குள் போகவே போகாது.

2016இல் வந்த 1.9.11 பதிப்பிலிருந்தே மாட்யூலைத் தனிக் கோப்பாக ஏற்ற முடியும். முதலில் 'லிப்என்ஜின்எக்ஸ்-மாட்' என்று தொடங்கும் பேக்கேஜ்களில் வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 'என்ஜின்எக்ஸ்' கட்டளையைப் பெரிய எழுத்து 'வி' ஆப்ஷனுடன் கொடுத்துப் பதிப்பு எண்ணையும், தனியாகக் கட்டிய மாட்யூல்களை ஏற்க உதவும் 'வித்-காம்பேட்' ஆப்ஷன் இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துல்லியமாக அதே பதிப்பின் மூலநிரலை இறக்குங்கள். 1.22.1க்கு 1.22.0 உதவாது. கம்பைலரும், பிசிஆர்இ2 (எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் நூலகம்), இசட்லிப் (சுருக்க நூலகம்) ஆகியவற்றின் 'டெவ்' பேக்கேஜ்களும் வேண்டும். பிறகு கன்ஃபிகருக்கு 'வித்-காம்பேட்', 'ஆட்-டைனமிக்-மாட்யூல்' இரண்டையும் தந்து, 'மேக் மாட்யூல்ஸ்' என்று மட்டும் ஓட்டுங்கள். 'மேக் இன்ஸ்டால்' வேண்டவே வேண்டாம். ஆப்ஜெஸ் கோப்புறையில் .எஸ்ஓ கோப்பு கிடைக்கும்; அதுதான் மாட்யூல்.

பலர் தடுக்கி விழும் இடம் பிசிஆர்இ. அது இல்லாவிட்டால் முகவரிகளை மாற்றி எழுதும் ரீரைட் மாட்யூலை நீக்கிவிடலாம் என்று கன்ஃபிகரே யோசனை சொல்லும். அதைக் கேட்டால் கம்பைல் ஒழுங்காக முடியும். ஏற்றும்போது 'நாட் பைனரி கம்பேட்டிபிள்' என்று மறுக்கும். பிசிஆர்இ உண்டா இல்லையா என்பதும் மாட்யூலின் கையொப்பத்தில் அடங்கும் என்பதே காரணம்.

அந்த .எஸ்ஓ கோப்பை ஏற்றச் சொல்லும் 'லோட்_மாட்யூல்' வரியை என்ஜின்எக்ஸ்.கான்ஃப் கோப்பின் உச்சியில், 'ஈவன்ட்ஸ்' பகுதிக்கு முன்பே எழுதுங்கள். 'என்ஜின்எக்ஸ் -t' சோதனை தேறிய பிறகே ரீலோட் செய்யுங்கள்.

டெபியன் 12 பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பிறகும் 1.22.1 என்ற எண்ணிலேயே நிற்பதால் கட்டிய மாட்யூல் தொடர்ந்து வேலை செய்யும். என்ஜின்எக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியவர்களுக்குப் பதிப்பு எண்ணே மாறும். அவர்கள் தானாக அப்கிரேட் ஆகாமல் தடுக்கும் 'ஏபிடி-மார்க் ஹோல்ட்' போட்டுவைத்து, புதிய பதிப்பு வந்த அன்றே மாட்யூலை மறுபடி கட்டி, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்போது ஓடும் .எஸ்ஓ கோப்பின் மேல் 'சிபி' கட்டளையால் எழுதாதீர்கள். கோரிக்கைகளுக்குப் பதில் தரும் வொர்க்கர் செயல்முறைகள் அந்தக் கணமே செயலிழக்கலாம். அதே கோப்புறையில் வேறு பெயரில் வைத்து, 'எம்வி'யால் இடம் மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்