கதவடைத்து உண்டவள்

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு வேலை போனதை உன் அறைத்தோழன் சொல்லித்தான் அறிந்தோம். கேள்வி கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்றிலிருந்து சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையின் சில அடிகள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவற்றை உன்னிடம் சொல்ல வேண்டும்.

நல்லூர் நத்தத்தனாரின் அந்தப் பாட்டு 269 அடிகள் கொண்டது. ஓய்மானாட்டு அரசன் நல்லியக்கோடனின் கொடையைப் புகழ எழுந்ததுதான் என்றாலும், அவன் தந்த யானையையும் தேரையும் விட, பரிசில் பெறுவதற்கு முன் பாணனின் வீடு கிடந்த நிலையைச் சொல்லும் இடத்திலேயே என் நெஞ்சு நின்றுவிடுகிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, ஈன்ற நாய் பொறுக்க மாட்டாமல் குரைக்கிறது. பெற்றவள் எவளும் அந்த அடியை எளிதில் கடந்துவிட முடியாது. கறையான் அரித்த பழஞ்சுவர். அங்கே பூத்த காளான். பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுவோர் குடிப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, ‘மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து’, அறியாதவர் பார்வைக்கு நாணிக் கதவடைத்து, உண்கிறாள்.

பசியை விட அந்த அடைத்த கதவுதான் எனக்குப் பெருந்துயராகத் தெரிகிறது. வறுமை எவருக்கும் வரும் என்று அறியாதது அயலாரின் பேதைமை. நாணம் மட்டும் அவளுக்கு. புலவர் அவளை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை, பார்ப்பவர்களைத்தான் மடவோர் என்கிறார். உறவினர்களின் விசாரிப்புக்கு அஞ்சி நீ ஒதுங்கியிருப்பதை நானும் குறை கூறமாட்டேன். ஆனால் தம்பி, அவள் அடைத்த கதவுக்கு உள்ளே ‘இரும்பேர் ஒக்கல்’, அந்தப் பெரிய சுற்றம் முழுவதும் இருந்தது. இருந்த கீரையை எல்லாரும் சேர்ந்தே உண்டார்கள். நீ எங்களையும் வெளியே நிறுத்திவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த அவலத்தைச் சொல்பவன் அந்த வீட்டுக்காரனே என்பதையும் எண்ணிப் பார். ஊருக்கு மறைத்ததையெல்லாம், வழியில் எதிர்ப்பட்ட, தன்னைப் போலவே வாடிய இன்னொரு பாணனிடம் அவன் ஒளிக்காமல் சொல்லி, நல்லியக்கோடனிடம் போகும் வழியையும் காட்டுகிறான். உன்னோடு வேலை இழந்தவர்கள் அந்த ஊரில் இருப்பார்கள், அவர்களிடமாவது பேசு.

இந்த மாத வாடகையை அப்பா அனுப்பிவிட்டார், மறுக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை அழைக்கிறேன். போனை எடு. பேசப் பிடிக்காவிட்டால் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும்.

அன்புடன்,
அம்மா