ஆராதனைக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு திருவையாற்றுக்காரனின் மடல்

அன்புள்ள ரசிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமிக்கு, அவருடைய ஆராதனைக்காக ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஊருக்கு வருகிறீர்கள். நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிகிற அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைக் காவிரிக்கரைப் பந்தலில் உட்கார்ந்து கூடவே பாடுகிறீர்கள். முடிந்த கையோடு தஞ்சாவூருக்கு வண்டி ஏறிவிடுகிறீர்கள். இந்தத் தடவை மறுநாளும் இருந்து, ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தியாகராஜர் சமாதியிலேயே தொடங்குங்கள். அவர் மறைந்தது 1847இல். முக்கால் நூற்றாண்டு கழித்து, சொந்த நகைகளையும் சேமிப்பையும் போட்டு அங்கே கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் ஆராதனையில் பாட இடமில்லாதிருந்த காலம் அது. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்திக் காட்டினார். 1952இல் மறைந்த அந்த அம்மாளின் நினைவிடமும் அங்கேயே இருக்கிறது. பந்தலில் இடம் பிடிக்கும் அவசரத்தில் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம் ஐயாறப்பர் கோயில். கயிலைக்குப் போக முடியாமல் உடல் தேய்ந்த அப்பர் பெருமான், வடக்கே ஒரு குளத்தில் மூழ்கி இங்கே எழுந்து கயிலைக் காட்சி கண்டார் என்பது எங்கள் ஊரின் உயிரான கதை. வளாகத்துக்குள் இருக்கும் வடகயிலாயம் என்ற கோயில் ராஜராஜசோழன் தேவியான உலகமகாதேவி கட்டியது. தென்மேற்குப் பிராகாரத்தில் நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டுப் பாருங்கள், அந்தக் குரல் உங்களிடமே திரும்பி வரும். ஏழு தடவை கேட்கும் என்பார்கள். சின்ன வயதில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே நாங்கள் அங்கே கிடந்திருக்கிறோம்.

வெளியே வந்ததும் அசோகா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுவது. சூடாக வாங்கினால் இலையில் நெய் வழியும். பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப் போனால் அந்த ருசி இருக்காது.

ஒன்றே ஒன்று மனசு விட்டுச் சொல்லவேண்டும். புஷ்ய மண்டபத் துறையில் முழுக்குப் போட்டவர்கள் கழற்றிய துணியை ஆற்றிலேயே விடுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் அவை படித்துறையில் சுற்றிக் கிடக்கின்றன, பக்கத்திலேயே காகிதக் கப்புகளும். அந்தத் துணியைப் பையில் போட்டு எடுத்துப் போய்விடுங்கள், புண்ணியமாகப் போகும்.

தை முடிந்தால் சித்திரை விசாகம் வரும். அப்போதும் வாருங்கள். ஏழூர் உற்சவத்துக்கு ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் புறப்படுவார். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றித் திரும்பும்போது அந்த ஊர்ச் சாமிகளும் கூடவே வரும். காவிரி வற்றிக் கிடக்கிற கோடை, ஆற்று மணலிலேயே பல்லக்கைத் தூக்கி நடப்பார்கள். ஏழு பல்லக்கும் சேர்ந்தபின் ஒரு பொம்மை வந்து சாமிக்குப் பூப்போடும். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். தோளில் தூக்கி வைத்துக் காட்ட நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
திருவையாற்றுக்காரன் ஒருவன்